‘மொக்கை’க்கு ஆங்கிலத்தில் என்ன?

தமிழ்ப் படங்களுக்கும் தொடர்களுக்கும் ஆங்கில சப்டைட்டில் எழுதுவது என் தொழில். இதில் நேரத்தை விழுங்குவது பஞ்ச் வசனமோ நீதிமன்ற வாதமோ அன்று; நண்பர்கள் இருவர் நின்றுகொண்டு பேசும் நாலு வரிக் கொச்சைதான். நெட்ஃபிளிக்ஸின் ஆங்கில விதிப்படி திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரிகள், ஒரு வரிக்கு 42 எழுத்துகள், அதிகபட்சம் ஏழு விநாடிகள். இந்த வரம்புக்குள் அடிக்குறிப்புக்கு இடமேது? பார்த்த மாத்திரத்தில் புரியாத வரி, எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் வீண்தான்.

‘சொதப்பிட்டான்’ போன்றவை தொந்தரவு தருவதில்லை. ‘மெஸ்ட் அப்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். ‘மொக்கை’ அப்படியல்ல. மொக்கைப் படம் சலிப்பூட்டும் படம். மொக்கை போடுகிறவன் விடாமல் அறுக்கிறவன். மொக்கை வாங்கியவனோ நாலு பேர் முன்னிலையில் மூக்குடைபட்டவன். ஒரே காட்சியில் இம்மூன்றும் வந்தால் மூன்று இடத்திலும் வெவ்வேறு ஆங்கிலம்தான் எழுத வேண்டியிருக்கும். சொல்லுக்குச் சொல் ஒரே நிகரைப் பயன்படுத்த வேண்டும் என்று சில நிறுவனங்கள் தரும் சொற்பட்டியல், ஊர்ப்பெயருக்கும் பட்டப்பெயருக்கும் உதவுமே தவிரக் கொச்சைக்கு உதவாது.

நேர்நிகர் கிடைத்துவிட்டாலும் சிக்கல் தீராது, ஏனென்றால் ஆங்கிலக் கொச்சை தன் ஊரையும் காலத்தையும் சேர்த்தே இழுத்து வரும். கலாய்ப்பதை ‘டேக்கிங் த மிக்கி’ என்று எழுதினால் பேசுகிறவன் திடீரென்று பிரிட்டன்காரனாகிவிடுகிறான். பிறரைக் காதலில் விழவைக்கும் கவர்ச்சியைக் குறிக்கும் ‘ரிஸ்’ என்பது 2023இல் ஆக்ஸ்ஃபோர்டு தேர்ந்தெடுத்த ஆண்டின் சொல். அதை 1980களில் நடக்கும் கதையில் வரும் மன்மதன் வாயில் வைக்க முடியாது. ஆகவே கொச்சைக்குக் கொச்சை தேடுவதை நான் பெரும்பாலும் தவிர்க்கிறேன். எந்த ஊருக்கும் சொந்தமில்லாத எளிய ஆங்கிலச் சொற்களைக் கொண்டு, வாக்கியத்தைக் குறுக்கி, எழுவாயை விழுங்கி, பேச்சின் வேகத்தை மட்டும் கொண்டுவந்தால் போதுமானதாக இருக்கிறது.

வேர்ச்சொல் ஆராய்ச்சியும் இங்கே கைகொடுப்பதில்லை. ‘பேமானி’ நேர்மையற்றவன் என்ற பொருளுள்ள உருதுச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் வழியை மறிப்பவனைப் பார்த்துச் சென்னைக்காரர் அதைச் சொல்லும்போது அவனுடைய நேர்மையைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. மாறாக, குறுக்கே பாய்பவனிடம் ஆட்டோக்காரர் கேட்கும் ‘வூட்ல சொல்லிகினு வந்தியா?’ என்ற கேள்வியில் உச்சரிப்பைத் தவிரக் கொச்சை எதுவுமே இல்லை. வீட்டில் விடைபெற்றுக்கொண்டுதான் வந்தாயா என்று அப்படியே ஆங்கிலத்தில் கேட்டால், அந்தக் குத்தல் சேதாரமில்லாமல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இப்படிப்பட்ட வரி அமைந்தால் அன்று வேலை பாதி முடிந்த மாதிரி.

எல்லாவற்றிலும் கடினமானது ‘டா’. தாய் மகனிடம் சொன்னால் வாஞ்சை, நண்பனிடம் உரிமை, அந்நியனிடம் சண்டைக்கு அழைப்பு. படம் முழுக்க முதலாளியைச் ‘சார்’ என்றழைத்தவன், உச்சக்கட்டத்தில் ‘என்னடா சொன்ன?’ என்று கேட்கும்போது திரையரங்கில் விசில் பறக்கும். ஆங்கிலத்தில் அந்த ஓரெழுத்துக்கு ஈடாக எதை வைத்தாலும் அது வெறும் வசையாகச் சுருங்கிவிடும். இதற்கு நான் கையாளும் வழி, முந்தைய காட்சிகளிலேயே தொடங்கிவிடுகிறது: எழுத்து மிச்சப்படுத்துவதற்காக வழக்கமாக வெட்டிவிடும் ‘சார்’களை அவன் வசனங்களில் மட்டும் வெட்டாமல் விட்டுவைப்பேன். பிறகு அந்தக் கட்டத்தில் ‘சாரை’ எடுத்துவிட்டு முதலாளியின் பெயரைச் சொல்லி அழைத்தால், தமிழ் தெரியாதவருக்கும் மரியாதை முறிந்தது தெரியும். மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பவர்கள் ஆரம்பத்துச் ‘சார்’களைத் தேவையற்றவை என்று குறித்துத் திருப்பி அனுப்புவது வழக்கம் என்பதால், உச்சக்கட்டக் காட்சியின் நேரக்குறியீட்டைச் சேர்த்து, ‘இதற்காகவே அவை’ என்று முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுகிறேன்.