விலை விழுந்தது, கிஸ்தி விழவில்லை

2 மார்ச் 2025, ஞாயிறு, பழைய வண்ணாரப்பேட்டை

கருவூலத்தில் வேலை பார்த்தவனுக்கு மார்ச் மாதம் வந்தால் கை சும்மா இருக்காது. இந்த வருஷம் 1930களின் சென்னை மாகாண வரவு செலவை எடுத்துவைத்துப் படிக்கிறேன்.

பெரிய வரவு இரண்டுதான்: நிலவரி, கலால் (கள், சாராயம் மேல் போடும் வரி). வருமான வரியும் சுங்கமும் டெல்லிக்குப் போய்விடும். நம் துறைமுகத்தில் வசூலான சுங்கமும் அப்படித்தான். அது போதாதென்று மாகாணங்கள் மத்திய அரசுக்குத் தர வேண்டிய பங்கை முடிவு செய்த 1920 மெஸ்டன் குழு ஏற்பாட்டில் வருஷத்துக்கு 348 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னார்கள். மாகாணங்களிலேயே நமக்குத்தான் அதிகம். 1928வாக்கில் அந்தப் பாரம் இறங்கியது. நிமிர்வதற்குள் உலகப் பொருளாதார மந்தம் வந்துவிட்டது.

6 மார்ச், வியாழன்

இன்று முழுக்க கிஸ்திதான் மனதில், அதாவது விவசாயி கட்டிய நிலவரித் தவணை. நெல் விலை சில வருஷத்துக்குள் பாதியாகிவிட்டது. கிஸ்தியோ ரூபாயில் நிர்ணயித்தது, அசையாது. பத்து மூட்டை விற்றுக் கட்டியவர் இருபது மூட்டை விற்க வேண்டும். இந்த நேரத்தில் சயாம் (இன்றைய தாய்லாந்து), சைகோன் (வியட்நாம்) அரிசி வேறு கப்பலில் வந்து இறங்கியது. குருணைக்கு இறக்குமதி வரி போட 1935 ஆகிவிட்டது.

1931 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டைத் தங்கத்தோடு கட்டிவைப்பதைக் கைவிட்டது. ரூபாயை மட்டும் பிரிட்டிஷ் பணத்தில் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற மதிப்பிலேயே கட்டிவைத்தார்கள். தங்கம் விலை ஏற, வளையலும் சங்கிலியும் விற்பனைக்கு வந்தன. அவை உருகி பம்பாய் வழியாக லண்டனுக்குப் போயின. வரியும் வட்டியும் கட்ட எத்தனையோ குடும்பங்களுக்கு வேறு வழியில்லை. அரசின் கையிருப்பைக் காப்பாற்றியதில் அந்த நகைகளுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். எந்த பட்ஜெட் புத்தகமும் அதை வரவில் காட்டவில்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை.

பஞ்ச நிதி என்று ஒன்று இருந்தது, வருஷா வருஷம் ஒதுக்கியே ஆக வேண்டும். ஆனால் மழை பொய்த்த பஞ்சத்துக்காக எழுதிய விதி அது. விளைந்தும் விலையில்லாமல் நொடிந்தவரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

11 மார்ச், செவ்வாய்

மந்த காலத்தில் அரசு ஊழியர் சம்பளத்தில் 10% வெட்டு. அது தெரிந்த கதை.

எதிர்வீட்டு அண்ணன், துறைமுகத்தில் இருந்தவர், கேட்டார்: “அவ்ளோ கஷ்டத்துலயா மேட்டூர் அணை கட்னாங்க?” ஆமாம், 1925ல் தொடங்கி 1934 ஆகஸ்ட் 21ல் திறந்தார்கள். அணைச் செலவு கடன் வாங்கிய பணத்தில், சம்பளம் அந்தந்த வருஷ வரவில். ஒன்றில் கை வைத்தாலும் மற்றது நடக்கும். வேலையை நிறுத்தாதது அந்த அரசு செய்த நல்ல காரியம். தஞ்சாவூர் இன்னும் அதில் சாப்பிடுகிறது.

14 மார்ச், வெள்ளி

கோட்டையில் இன்று பட்ஜெட். டிவியில் கேட்டுக்கொண்டே 1937க்கு வந்துவிட்டேன். ராஜாஜி அக்டோபர் 1ல் சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். கலால் போனால் கஜானாவுக்கு வேறு வழி வேண்டுமே, 1939ல் பொது விற்பனை வரி வந்தது. 2017ல் ஜிஎஸ்டி வரும்வரை மாநிலத்தைத் தாங்கியது அந்த வகை வரிதான். மதுக்கடை வருமானத்தை விடுவதானால் மாற்று வரவையும் யோசிக்க வேண்டும் என்று அன்றே செய்து காட்டியிருக்கிறார்கள். இன்றைக்கும் இதைப் பேசாமல் மதுவிலக்கு பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்து 1939 சட்டசபை விவாதங்களைப் படிக்க வேண்டும்.