பாட்டைப் பிடுங்கிவிட்டு விற்கும் விளையாட்டுகள்

மாஃபியா என்ற கம்ப்யூட்டர் கேம் 2002இல் மூன்று சிடிக்களில் வந்தது. செக் நாட்டின் பிர்னோ நகரத்தில் இருந்த இல்யூஷன் சாஃப்ட்வொர்க்ஸ் செய்தது. துபாயிலிருந்து லீவில் வந்த மாமா அதை அட்டைப் பெட்டியோடு வாங்கி வந்து கொடுத்தார். எங்கள் தெருவில் ஒரிஜினல் சிடி என்ற ஒன்றைப் பலர் பார்த்ததே அப்போதுதான். பிறகு அந்த கேம் இணையக் கடைகளிலிருந்து பல வருடம் காணாமல் போயிருந்து, 2017 அக்டோபரில் ஜிஓஜி தளத்தில் திரும்ப விற்பனைக்கு வந்தது. கூடவே ஓர் அறிவிப்பு: உரிமம் பெற்றுச் சேர்த்த இசை இந்தப் பதிப்பில் கிடையாது.

"பாட்டுதானே, போனால் போகிறது" என்று சொன்ன நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்த கேமை விளையாடியதில்லை.

1930களின் அமெரிக்கா. லாஸ்ட் ஹெவன் என்று ஒரு கற்பனை நகரம். கதாநாயகன் டாமி ஒரு டாக்ஸி டிரைவர். கார்கள் எல்லாம் அந்தக் காலத்துக் கார்கள். மேடு ஏறினால் மூச்சு வாங்கும். ஊருக்குள் மணிக்கு 40 மைலைத் தாண்டினால் போலீஸ்காரர் நிறுத்தி அபராதம் போடுவார். மற்ற கேம்களில் பறக்கலாம், இதில் உருட்டித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நிதானமாக ஓட்டிப் போக வேண்டும். அந்த நேரத்தை நிரப்பியது பாட்டு. ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு பாட்டு; தெரு மாறினால் பாட்டும் மாறும். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் கிட்டார் இருந்தது, மில்ஸ் பிரதர்ஸின் குரல்கள் இருந்தன. ஜாங்கோ ஒரு தீவிபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போன பிறகு மீதி விரல்களை வைத்தே அப்படி வாசித்தார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். இந்த கேம் இல்லையென்றால் பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு நான் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டேன்.

துரத்தல், சண்டை வந்தால் மட்டும் விளாடிமிர் ஷிமூனெக் இந்த கேமுக்காகவே அமைத்த ஆர்கெஸ்ட்ரா ஒலிக்கும். அது நிறுவனத்தின் சொந்தச் சரக்கு என்பதால் புதுப் பதிப்பிலும் இருக்கிறது. விளைவு கொஞ்சம் விசித்திரம்: பத்து நிமிடம் வெறும் இன்ஜின் சத்தம், போலீஸ் துரத்தினால் திடீரென்று வயலின்கள். அக்கா பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, ஸ்பீக்கர் ஒயர் கழண்டு கெடக்கா?" என்று கேட்டான். இல்லடா, இவ்வளவுதான் கேமே என்றேன்.

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் தொழில். ஆகவே இந்த விவகாரம் எனக்கு அந்நியம் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு பாட்டைச் சொல்லி, அதைத்தான் போட வேண்டும் என்பார்கள். போட்டுக் கொடுத்து, அவர்கள் அதை இணையத்தில் ஏற்றினால் அரை மணி நேரத்தில் உரிமை கோரி அறிவிப்பு வரும். சில சமயம் ஒரே பாட்டுக்கு இரண்டு பேர் கோருவார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரியும் ஒன்று. அதை எழுதியவர் அல்லது அவருடைய பதிப்பு நிறுவனம் அனுமதி தர வேண்டும். ஸ்டூடியோவில் பதிவான ஒலி இன்னொன்று. அதற்கு ஆடியோ கம்பெனி அனுமதி தர வேண்டும். 2024இல் மஞ்ஞும்மல் பாய்ஸ் படத்துக்கு இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியபோது, உரிமை வைத்திருக்கும் கம்பெனியிடம் முறையாக வாங்கித்தான் சேர்த்தோம் என்று படத் தயாரிப்பு தரப்பு சொன்னது நினைவிருக்கலாம். யார் பக்கம் நியாயம் என்ற வாய்க்கால் சண்டைக்குள் நான் போகவில்லை. ஒருவரிடம் வாங்கிவிட்டாலும் இன்னொருவர் வந்து நிற்க இடம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, ஜாங்கோ காலத்துப் பாட்டெல்லாம் இந்நேரம் பொதுச்சொத்து ஆகியிருக்க வேண்டாமா? நானும் அப்படித்தான் கேட்டுப் பார்த்தேன். இங்கேதான் தலை சுற்றுகிறது. ஜாங்கோ 1953இல் இறந்தார். அவர் தனியாக அமைத்து 1937இல் இசைத்தட்டாக வந்த ஒரு மெட்டு என்று வைத்துக்கொள்வோம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 வருடம், எப்படிப் பார்த்தாலும் அது 1997 முடிவுக்குள் தீர்ந்தது. மெட்டுக்கு அமைத்தவர் இறந்ததிலிருந்து 60 வருடம், அது 2013 முடிவோடு தீர்ந்தது. ஆக, 2017இல் நம் ஊரில் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஐரோப்பாவில் ஒலிப்பதிவின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, ஆனால் மெட்டுக்கு 70 வருடம் என்பதால் குறைந்தது 2023 கடைசி வரை காத்திருக்க வேண்டும். அமெரிக்காவிலோ 1972க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் மத்தியச் சட்டத்துக்குள் வராமல் மாநிலச் சட்டங்களின் கையில், 2067 வரைகூட இழுக்கும் நிலையில் இருந்தன. 2018இல் ஒரு புதுச் சட்டம் வந்து, 1923 முதல் 1946 வரை வெளியானவற்றுக்கு நூறு வருடம் என்று வைத்தது. நம்முடைய 1937 இசைத்தட்டு அங்கே 2037 முடிகிற வரை காவலில்தான் இருக்கும். அந்த மெட்டை ஜாங்கோ தனியாக அமைக்காமல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு சேர்ந்து அமைத்திருந்தால் கதை இன்னும் நீளும், ஏனென்றால் கிராப்பெல்லி 1997 வரை உயிரோடு இருந்தார்.

டவுன்லோடாக விற்கும் கடை எல்லா நாட்டுக்கும் ஒரே நேரத்தில் விற்கிறது. ஆகவே எந்த நாட்டில் கெடுபிடி அதிகமோ அந்த நாட்டுக்குத்தான் எல்லோரும் பணிய வேண்டும்.

இதற்கு மேல் ஒப்பந்தக் காகிதம். பெரும்பாலும் ஏழு வருடம், பத்து வருடம் என்று கெடு வைத்துத்தான் பாட்டை வாங்குவார்கள். நிரந்தரமாக வேண்டும் என்றால் விலை எகிறும். 2002இல் கேம் என்பது கடையில் விற்கும் பெட்டி. டவுன்லோடு என்ற சொல் அந்தக் காகிதத்தில் இல்லாவிட்டால் அந்தக் காகிதம் இன்றைக்குச் செல்லாக்காசு. இன்னொருவருக்கு அதிகம் கொடுத்தால் எனக்கும் அதே தொகை வேண்டும் என்ற நிபந்தனையும் சகஜம். ஒரு பெரிய பாடகர் விலையை ஏற்றினால் மொத்தப் பட்டியலும் ஏறும். நடுவில் கம்பெனிகளும் கைமாறும். மாஃபியாவை வெளியிட்ட கேதரிங் ஆஃப் டெவலப்பர்ஸ் என்ற பெயரே இப்போது இல்லை. இல்யூஷன் சாஃப்ட்வொர்க்ஸை 2008இல் டேக்-டூ என்ற அமெரிக்க கேம் கம்பெனி வாங்கிப் பெயரை மாற்றிவிட்டது. பாட்டு கம்பெனிகள் பக்கமும் இதே கதைதான், இஎம்ஐ 2012இல் பிரிந்து யூனிவர்சலுக்கும் சோனி தரப்புக்கும் போனது.

அதே டேக்-டூ வீட்டின் அதே 2002ஆம் வருடத்துப் பிள்ளைதான் ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) வரிசையின் வைஸ் சிட்டி. அதைத் தெரியாதவர் யாரும் இதைப் படிக்க மாட்டீர்கள். எடிட்டர் என்ற முறையில் அதன் உட்புறத்தைப் பற்றி ஒன்று சொல்ல ஆசை. அதில் பாட்டுகள் தனித்தனிக் கோப்பாக இல்லை. கேமுக்குள் கார் ரேடியோவில் ஓடும் ஃபிளாஷ் எஃப்எம் என்றால் அந்த ஸ்டேஷன் முழுவதும் ஒரே நீளமான கோப்பு. ஏடிஎஃப் என்று பெயர் வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பது சாதா எம்பி3தான், ஒவ்வொரு பைட்டையும் ஹெக்ஸ் 22 என்ற எண்ணோடு எக்ஸ்ஓஆர் என்ற பிட் கணக்கில் கலந்து மறைத்திருப்பார்கள். திரும்ப ஒருமுறை அதையே செய்தால் அவிழ்ந்துவிடும். அதற்குள் பாட்டு, விளம்பரம், அறிவிப்பாளர் பேச்சு எல்லாம் ஒன்றோடொன்று இழைந்து கிடக்கும். அதிலிருந்து ஒரே ஒரு பாட்டை எடுக்கச் சொன்னால் வரிசையில் ஒரு ஃபைலை அழிக்கிற வேலை இல்லை அது. பேச்சின் வால் பாட்டின் தலைமேல் ஏறியிருக்கும். வெட்டி, ஒட்டி, மேடுபள்ளம் தெரியாமல் தேய்க்க வேண்டும். அந்தப் பாவப்பட்ட எடிட்டர் யாரோ, அவருக்கு என் அனுதாபம்.

2012 இறுதியில் வைஸ் சிட்டி ஸ்டீம் என்ற இணைய கேம் கடையிலிருந்து திடீரென்று காணாமல் போய், 2013 தொடக்கத்தில் மைக்கேல் ஜாக்சன் பாட்டுகளும் வேறு சிலவும் இல்லாமல் திரும்பி வந்தது. ஆரம்பத்தில் காரில் ஏறியதும் பில்லி ஜீன் ஒலித்ததைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது வேறு கேம். ஆனால் நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் இருந்த "ஹைலி கம்ப்ரஸ்டு" பதிப்பில் இடம் மிச்சம் பிடிக்க ரேடியோவையே பிடுங்கியிருப்பார்கள். நம்மில் பாதிப் பேர் வைஸ் சிட்டியை ஊமைப்படமாகத்தான் பார்த்திருக்கிறோம்.

திரும்ப வந்ததில் பாட்டு இல்லை என்றாலும் எனக்குப் பெரிய கோபம் இல்லை. வேண்டாம் என்றால் வாங்காமல் இருக்கலாம். காசு கொடுத்து வாங்கி வைத்திருப்பவரிடமிருந்து எடுப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. 2014 நவம்பரில் அதே ஜிடிஏ வரிசையின் சான் ஆண்ட்ரியாஸுக்கு ஸ்டீமில் ஓர் அப்டேட் வந்தது. பத்துப் பாட்டுக்கு மேல் போயிற்று, விளையாடி விட்ட இடத்தைச் சேமித்து வைத்திருந்த பழைய சேவ்களும் வேலை செய்யாமல் போயின. 2018 ஏப்ரலில் ஜிடிஏ 4 வெளியாகிச் சரியாகப் பத்து வருடம், அங்கேயும் கத்தரி. விளாடிவோஸ்டாக் எஃப்எம் என்ற ரஷ்யப் பாட்டு ஸ்டேஷனுக்குத்தான் அதிக அடி. வேறு ரஷ்யப் பாட்டுகளைப் போட்டு ஒப்பேற்றினார்கள். அதன் கதாநாயகன் நீக்கோ பெல்லிக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த அகதி மாதிரி ஆள். அவன் ஏறும் முதல் கார்களில் ஓடும் ஸ்டேஷன் அது. வேறு எதையாவது வெட்டியிருக்கலாம்.

செகாவின் கிரேஸி டாக்ஸி பற்றி இரண்டு வரி போதும். 2010இல் மறுபடி விற்றபோது தி ஆஃப்ஸ்பிரிங், பேட் ரிலிஜன் குழுக்களின் பாட்டுகளோடு பயணிகள் இறங்கும் கேஎஃப்சி, பீட்சா ஹட் போர்டுகளும் போயின. டாக்ஸி மட்டும் மிஞ்சியது.

ஒழுங்காக நடந்துகொண்டவர்கள் என்று நான் சொல்வது ஃபின்லாந்தின் ரெமெடி நிறுவனத்தை. ஆலன் வேக் கேமின் பாட்டு உரிமங்கள் தீர்ந்ததால் 2017 மே மாதம் விற்பனையை நிறுத்தினார்கள். ஆனால் முன்கூட்டியே சொல்லி, 90 சதவீதத் தள்ளுபடியில் கடைசியாக ஒருமுறை விற்று, வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். 2018 அக்டோபரில் உரிமங்களைப் புதுப்பித்து, பாட்டோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்கும் ஆயுள் அவ்வளவுதான். 2024இல் கடைசியில் வரும் டேவிட் போவி பாட்டை எடுத்துவிட்டு, கேமின் இசையமைப்பாளர் பெட்ரி அலாங்கோவின் புதுப் பாட்டை வைத்துவிட்டார்கள்.

2023இல் வந்த ஆலன் வேக் 2இல் ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு பாட்டு வருகிறது. அவற்றை அந்த கேமுக்காகவே எழுத வைத்துப் பதிவு செய்தார்கள். சொந்தச் சரக்கு என்றால் பத்து வருடம் கழித்து கதவைத் தட்ட வெளியிலிருந்து ஒருவர் வர மாட்டார். நல்ல ஏற்பாடுதான், பாட்டுகளும் நன்றாக இருக்கின்றன. ஆனால் மாஃபியா மாதிரி கேமுக்கு இது ஒத்து வராது. 1930 என்றால் 1930இல் ஒலித்ததுதான் ஒலிக்க வேண்டும். 2020இல் மாஃபியாவை முழுக்கப் புதிதாகச் செய்து வெளியிட்டபோது காருக்குள் ரேடியோ வைத்து, அந்தக் காலப் பாட்டுகளைப் புதிதாகக் காசு கொடுத்து வாங்கித்தான் சேர்த்தார்கள். புதுப் பதிப்புக்குக் காசு இருக்கிறது, பழையதற்கு இல்லை. பழையது விலை குறைவு, எத்தனை பேர் வாங்குவார்கள் என்று கணக்குப் பார்த்திருப்பார்கள். ரசிகர்கள் பழைய சிடியிலிருந்து இசைக் கோப்புகளை எடுத்துப் போட்டு விளையாடுகிறார்கள். மாமா கொடுத்த மூன்று சிடியும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அக்கா பையனுக்கு இப்போது ஸ்பீக்கர் ஒயரில் சந்தேகம் இல்லை, "பாட்ட மாத்து மாமா" என்பதுதான் புதுப் பிரச்சினை.