ரோமுக்கு மூன்று நாள், அம்மாவின் இனிஷியலோடு

மியூனிக்கில் என்னோடு மூன்று மாதம் இருக்க அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். இரண்டாவது வாரமே கேட்டுவிட்டார்: "இங்கேருந்து ரோமாபுரி எவ்வளவு தூரம்டி?" விமானத்தில் ஒன்றரை மணி நேரம். அக்டோபரில் ஒரு வியாழன் மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவது என்று முடிவாயிற்று. அம்மாவுக்கு 67 வயது, வலது முழங்காலில் தேய்மானம், சுத்த சைவம். இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் திட்டம் போட உட்கார்ந்தேன். ஆனால் முதலில் குறுக்கே விழுந்தது நான் நினைத்தே பார்க்காத ஒன்று: அம்மாவின் பெயர்.

கொலோசியம் என்ற பழைய ரோமானிய அரங்கத்துக்கு 2023 அக்டோபரிலிருந்து பெயர் போட்ட டிக்கெட்தான். வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். 30 நாள் முன்புதான் விற்பனை திறக்கும். காலை நேரம் வேண்டுமென்றால் அன்றைக்கே உட்கார்ந்து வாங்கிவிடுவது நல்லது. இது தெரியாமல் முதலில் தேடியபோது மேலே வந்த ஒரு தளத்தில் நுழைந்துவிட்டேன். கொலோசியம் படம், பெரிய எழுத்து, 'வரிசையில் நிற்க வேண்டாம்' என்ற வாக்குறுதி, எல்லாம் அசல் மாதிரியே இருந்தது. கார்டு எண்ணை அடிக்கும்போதுதான் தொகை உறைத்தது. 18 யூரோ டிக்கெட்டை இரட்டிப்புக்கும் மேலே விற்கும் இடைத்தரகர் தளம் அது. தவிர, பாதுகாப்புச் சோதனை வரிசை எந்த டிக்கெட் வைத்திருந்தாலும் உண்டு. அதைத் தாண்டவைக்க யாராலும் முடியாது.

சரி, அதிகாரபூர்வ தளத்துக்கு வந்தேன். பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி. இரண்டிலும் நட்சத்திரக்குறி, காலியாக விட முடியாது. அம்மாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் வரி காலி. கிவன் நேம் வரியில் அம்மா பெயரும், இனிஷியலை விரித்து தாத்தா பெயரும் சேர்ந்து கிடக்கும். நம்மில் பாதிப் பேருக்கு இதே கதைதான். விமான டிக்கெட் எடுத்தபோது ஒரே பெயரை இரண்டு பெட்டியிலும் போடச் சொன்னார்கள், போட்டேன். இங்கேயும் அப்படிப் போட்டால் வாசலில் நிற்பவர் பாஸ்போர்ட்டில் இல்லாத பெயரைத் தேடுவாரே! கடைசியில் முதல் சொல்லைப் பெயராகவும் தாத்தாவைக் குடும்பப் பெயராகவும் பிரித்துப் போட்டேன். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து ஒன்றும் கூடக்கூடாது, குறையக்கூடாது என்பது மட்டும்தான் என் கணக்கு. மனதுக்குள் ஒரு மாதம் உதறல்.

வாட்டிகன் அருங்காட்சியகத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தேன். அது ஞாயிறு விடுமுறை என்பது பிறகுதான் தெரிந்தது. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பார்கள், அதுவும் இலவசம். "அப்ப அன்னைக்கே போங்களேன்" என்று தம்பி போனில் சொன்னான். இலவசத்துக்கு நிற்கும் வரிசை எப்படி இருக்கும் என்று முழங்கால் வலிக்காரரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் தெரியும். வெள்ளி காலைக்கு மாற்றி, முன்பதிவுக் கட்டணத்தோடு தலைக்கு 25 யூரோ கொடுத்தேன்.

தங்குமிடத்துக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: லிஃப்ட் உண்டா? உண்டு என்றார்கள். லிஃப்டுக்குப் போகவே எட்டுப் படி ஏற வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. இனிமேல் 'தெருவிலிருந்து அறை வரை மொத்தம் எத்தனை படி' என்றுதான் கேட்பேன். அறை வாடகை போக, ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சி வரி தனி. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்திலிருந்து தெர்மினி ஸ்டேஷனுக்கு நேர் ரயில் 32 நிமிடம், 14 யூரோ. ஊருக்குள் ஒன்றரை யூரோ டிக்கெட் 100 நிமிடம் செல்லும். பஸ் எத்தனை வேண்டுமானாலும் மாறலாம், மெட்ரோவில் ஒரு முறைதான். போக்குவரத்தில் இதற்குமேல் திட்டமே தேவையில்லை. திட்டம் தேவைப்பட்டது தரைக்குத்தான். பழைய ரோமில் தெருவெல்லாம் கையகலக் கருங்கல் பாவியது, ஒன்று ஏறியிருக்கும், ஒன்று இறங்கியிருக்கும். சென்னையில் வாங்கிய புதுச் செருப்பை விட்டுவிட்டு வாக்கிங் ஷூவோடு அம்மா வந்ததால் தப்பித்தோம்.

வாட்டிகனில் சக்கர நாற்காலி இலவசமாகவே கிடைக்கும். "எனக்கென்ன, நான் நடப்பேன்" என்று மறுத்துவிட்டார். மைக்கேலாஞ்சலோ கூரையில் ஓவியம் வரைந்த சிஸ்டைன் சேப்பலுக்கு நீளமான கூடங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். வழியில் கண்ட பெஞ்சிலெல்லாம் உட்கார்ந்து, ஒருவழியாக உள்ளே போனோம். பேசக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. காவலர்கள் 'சிலென்ஸியோ' என்று அதட்டிக்கொண்டே இருந்தார்கள். அம்மா என் காதில், "படுத்துக்கிட்டா வரைஞ்சாரு?" என்றார். இல்லை, சாரத்தின் மேல் நின்று, அண்ணாந்து பார்த்து, 1508 முதல் 1512 வரை. "கழுத்து என்னத்துக்காகும்!" என்றார், தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு. பக்கத்திலுள்ள புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்துக்கு 551 படி, லிஃப்டில் போனாலும் மிச்சம் 320. அதைப் பட்டியலிலிருந்து முதல் நாளே அடித்துவிட்டேன்.

'ஸ்பானியப் படிகள்' என்ற அகலமான பழைய படிக்கட்டில் கால் வலிக்கிறதென்று அம்மா உட்கார்ந்த அடுத்த நிமிடம் விசில். அங்கே உட்காருவதற்கு 2019 முதல் தடை. எனக்குத் தெரியும், சொல்ல மறந்துவிட்டேன்.

சாப்பாட்டில் ஒன்று சொல்ல வேண்டும். மிளகும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த 'காச்சோ எ பேப்பே' பாஸ்தா பார்க்க நம் மிளகு சேவை மாதிரி இருக்கும். ஆனால் அதில் போடும் பெக்கோரினோ என்ற பாலாடைக்கட்டிக்குப் பாலை உறைய வைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியைச் சேர்ப்பார்கள். விஷயம் தெரிந்ததும் அம்மா தட்டைத் தள்ளிவிட்டார். பிறகு மூன்று நாளும் 'மரினாரா' பீட்சாதான்: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய். பாலாடைக்கட்டியே கிடையாது. தண்ணீருக்குக் காசு தேவையில்லை. தெருவெங்கும் 'நசோனி' என்ற இரும்புக் குழாய்கள், பகலும் இரவும் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் மூக்கை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்ன ஓட்டையிலிருந்து நீர் வளைந்து வாய்க்கு வரும். அம்மா அதைக் கற்றுக்கொண்டு வழியில் போன ஜப்பானியர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

சனி மாலை பாந்தியன் என்ற பழங்காலக் கோயிலில் இருந்தபோது மழை. 43 மீட்டர் அகலக் குவிமாடம், நடுவே திறந்த வட்டம், அதன் வழியே மழை நேராகத் தரையில் விழுந்து சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக வடிந்தது. எல்லோரும் கயிற்றுக்குப் பின்னால் நின்று படமெடுத்தார்கள். அம்மா மட்டும், "முற்றம் வச்ச வீடுதானே, இதுக்கா இத்தனை கூட்டம்?" என்றார். ஆனாலும் அங்கிருந்து அரைமணி நேரம் நகரவில்லை.

அன்று காலைதான் கொலோசியம் போயிருந்தோம். வாசலில் இளம்பெண் ஒருத்தி பாஸ்போர்ட்டையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். காலியாக இருந்த சர்நேம் வரியில் விரலை வைத்தாள். நான் கீழே உள்ள இரண்டாவது சொல்லைக் காட்டினேன். தாத்தாவின் பெயரை எழுத்தெழுத்தாக வாய்க்குள் படித்துவிட்டு, "ப்ரேகோ" என்று கையைக் காட்டினாள். லிஃப்ட் எந்தப் பக்கம் என்றும் அவளே சொன்னாள்.

உள்ளே போனதும் அம்மா அந்தத் தாளை என்னிடமிருந்து வாங்கி, நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "எங்க அய்யா பழனியத் தாண்டிப் போனதில்ல. பேரு பாரு, எங்க வந்து நிக்குது."