கொடிக்கு நீளம் நாலா, ஐந்தா?

தமிழ் அகராதி ஒன்றை எக்ஸ்எம்எல்லிலிருந்து (தரவைக் குறிச்சொற்களால் பிரித்து வைக்கும் வடிவம்) எச்டிஎம்எல்லுக்கு (வலைப்பக்க வடிவம்) மாற்றும் வேலை. ஸ்கிரிப்ட் பைத்தான் நிரல்மொழியில். ஒவ்வொரு பதிவிலும் தலைச்சொல் ஒரு ஆட்ரிபியூட்டில், அதாவது குறிச்சொல்லுக்குள் பெயரும் மதிப்புமாக எழுதும் பண்பில் இருக்கும். 'காண்க' என்று வரும் இடத்தில் வேறொரு ஆட்ரிபியூட். இரண்டின் மதிப்பும் ஒன்றானால் இணைப்பு விழ வேண்டும். 'படகு' இணைந்தது, 'மரம்' இணைந்தது, 'கொடி' இணையவில்லை.

முதலில் வால்பக்கத்து இடைவெளியைச் சந்தேகித்து வெட்டிப் பார்த்தேன். அடுத்து நேம்ஸ்பேஸ், அதாவது ஒரே பெயர்கள் மோதாமலிருக்கச் சேர்க்கும் அடையாளம். ஃபைலின் தலையில் முன்னொட்டில்லாமல் அறிவிக்கும் இயல்பான நேம்ஸ்பேஸ் எலிமெண்டுகளுக்கு, அதாவது குறிச்சொற்களுக்குத்தான் பொருந்தும், முன்னொட்டில்லாத ஆட்ரிபியூட்டுக்குப் பொருந்தாது. அதில் முன்பு அடிபட்டவன் என்பதால் அங்கேயே அரைநாள் போனது. 'படகு' இணைகிறதே, கோளாறு அங்கே எப்படி இருக்கும்?

அப்புறம்தான் இணையாத சொற்களைத் தனியே அச்சிட்டேன். கொடி, தோணி, மொழி, போர். எல்லாவற்றிலும் கொம்பும் காலும்! இரண்டு 'கொடி'யின் நீளத்தையும் கேட்டேன். ஒன்று 4, மற்றது 5. திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுதான்.

எழுத்துகளைக் கணினியில் எண்களாக வைக்கும் யூனிகோடில் 'ொ' என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். எங்களுக்கு வந்த ஃபைல்களில் பாதி, பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியவை. அந்த மாற்றி கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்திவிட்டு, காலை இருந்த இடத்திலேயே விட்டிருந்தது. எக்ஸ்எம்எல்லைப் படித்துத் தரும் பார்சர் இதைச் சீராக்காது. பைத்தானும் குறி குறியாக ஒப்பிட்டு 'வேறு' என்று சொல்லிவிடும்.

தீர்வு ஒரே வரி: பைத்தானோடு வரும் யூனிகோட் தொகுதியில் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் சீர்வடிவம்) மாற்றுவது. ஒப்பிடும் இடத்தில் மட்டும் போடாமல், ஃபைலைப் படித்ததுமே போட்டேன். இல்லாவிட்டால் தேடலிலும் அகரவரிசையிலும் இதே சிக்கல் மறுபடி முளைக்கும்.

அப்படியும் 'கௌரவம்' மிஞ்சியது. சிலர் அதைக் கொம்பு, க, ள என்று தட்டியிருந்தார்கள். அந்த 'ள' உண்மையான எழுத்து, ஔகாரக் குறியின் பாதி அல்ல. என்எஃப்சி அதைத் தொடவே தொடாது, தொடவும் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் 'கெளுத்தி' மீன் கெட்டுப்போகும். அதனால் அந்தச் சொற்களை மட்டும் பட்டியலெடுத்து, ஒவ்வொன்றாகப் படித்துக் கையாலேயே திருத்தினேன். கௌரவம், பௌர்ணமி, வௌவால்...