ஹோக்கோடோக்கோவைக் காதால் கண்டறிந்த அனுபவம்

தெற்கு ஈக்வடாரில் உள்ள டப்பிச்சலாக்கா காப்பகத்துக்குப் புறப்படும் முன், மூன்று மாதங்கள் ஒரே பறவையின் குரலைக் கேட்டுப் பழகினேன். ஹோக்கோடோக்கோ ஆண்ட்பிட்டா என்னும் அப்பறவையை அறிவியல் உலகம் அறிந்ததே குரலின் வழியாகத்தான். 1997 நவம்பரில் பறவையியலாளர் ராபர்ட் ரிட்ஜ்லியும் பறவைக்குரல் பதிவாளர் ஜான் மூரும் அம்மலைக் காட்டில் இனம் தெரியாத ஒரு குரலைக் கேட்டனர். அதைப் பதிவுசெய்து திரும்ப ஒலிக்கவிட்டபோது பறவை வெளிப்பட்டது. மேகம் படிந்த மூங்கில் புதர்களின் அடியில் நடமாடும் பறவை என்பதால், கண்ணுக்கு முன் காதைத் தயார்செய்வதே முறை என்று கருதினேன்.

தொடக்கத்தில் பதிவுகளைக் கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்டது தவறு. குட்டி நாய் குரைப்பதையும் ஆந்தை கூவுவதையும் ஒருசேர நினைவூட்டும் அந்தத் தாழ்ந்த 'ஹூ' ஒலியின் அடிநாதம் அதில் ஏறக்குறைய முழுவதும் காணாமற்போனது. தலையணி கேட்பொறியில் கேட்ட பிறகே அதன் கனம் புரிந்தது. அடுத்த சிக்கல், அதே காடுகளில் வாழும் வெண்தொண்டைக் காடைப்புறா. அதுவும் தாழ்ந்த குரலில் ஒற்றைச் சொல்லையே திரும்பத் திரும்பக் கூவும். இரண்டின் ஒலிவரைபடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, புறாவின் கூவல் இழுத்து ஒலிப்பதையும் கூவல்களுக்கு இடையிலான மௌனம் நீள்வதையும், ஆண்ட்பிட்டாவின் ஒலி குறுகி, நெருக்கமாக அடுக்கப்படுவதையும் கண்டேன். அதன்பின் சுருதியை விட்டு, இடைவெளியை எண்ணத் தொடங்கினேன்.

காப்பகத்தில் இரண்டாம் நாள் விடியலில், பாதையின் கீழ்ச்சரிவிலிருந்து ஒரு தொடர் கேட்டது. எண்ணினேன், ஒலி குறுகியது, இடைவெளியும் குறுகியது. புறா அன்று என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

சிறிது நேரம் கழித்து, காவலர் மண்புழு இடும் இடத்தில் பறவையே வந்து நின்றது: கரிய தலை, கண்ணுக்குக் கீழே பளிச்சென்ற வெள்ளைத் திட்டு, நீண்ட கால்கள், இல்லாதது போன்ற வால். நிற்கும் தோரணை நம் ஆறுமணிக்குருவியை ஒத்திருந்தாலும் இரண்டுக்கும் நெருங்கிய உறவில்லை. புழுவுக்கு வரும் பறவையை எவரும் அடையாளம் காணலாம். என் குறிப்பேட்டில் நான் பதிந்த நேரம், சரிவில் அக்குரல் கேட்ட நேரமே.