வடசென்னையில் பாலஸ்தீனத்துக்காக ஒரு தெருமுனைக் கூட்டம்

பாலஸ்தீனத்துக்கான ஆர்ப்பாட்டம் என்றால் வள்ளுவர் கோட்டம், சிவானந்தா சாலை என்று ஊர் நடுவே போய் நிற்பதுதான் வழக்கம். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் துறைமுகத்தை ஒட்டி வாழும் வடசென்னைக்கு இந்த விஷயத்தில் இருக்கும் தொடர்பு இன்னும் நெருக்கமானது. 2024 மே மாதம், மரியானே டானிகா என்ற டென்மார்க் கொடி கட்டிய கப்பலைத் தன் துறைமுகத்துக்குள் விடமாட்டோம் என்று ஸ்பெயின் அரசு அறிவித்தது. சென்னையிலிருந்து இஸ்ரேலின் ஹைஃபாவுக்குப் போய்க்கொண்டிருந்த அந்தக் கப்பலில் ஏறக்குறைய 27 டன் வெடிபொருள் இருந்ததாக அந்த நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. அதற்கு மூன்று மாதம் முன்னால், 2024 பிப்ரவரியில், பாலஸ்தீனப் போருக்கான ஆயுதச் சரக்கை ஏற்றவும் மாட்டோம், இறக்கவும் மாட்டோம் என்று இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் அறிவித்திருந்தது. நாட்டின் 11 பெரிய துறைமுகங்களில் 3,500க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட அமைப்பு அது.

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் இந்த இரண்டு செய்திகளையும் அறியாதவர்கள்தான் அதிகம். ஊர் நடுவே ஒருநாள் ஆயிரம் பேர் கூடுவதைவிட, இங்கே முப்பது பேர் முப்பது தெருமுனைகளில் மாறி மாறி நிற்பது அதிகப் பயன் தரும்.

முதலில் அனுமதி. சென்னை மாநகரக் காவல் சட்டம் 1888, பிரிவு 41இன் கீழ் போடும் தடை உத்தரவு பெரும்பாலும் எப்போதும் நடைமுறையில் இருக்கும். 15 நாளுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். பொது இடத்தில் கூட்டம், ஊர்வலம், ஆர்ப்பாட்டம் எதுவானாலும் குறைந்தது 5 நாள் முன்பே மனு கொடுக்க வேண்டும். 10, 12 நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். காரணம் இருக்கிறது: மறுப்பு பெரும்பாலும் முந்தைய நாள் இரவு, அதுவும் வாய்மொழியாக வரும். அப்போது உயர்நீதிமன்றம் போக நேரம் இருக்காது. மனுவில் ஏற்பாட்டாளர் பெயர், முகவரி, போன் நம்பர், இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை பேர் வருவார்கள், பேசுபவர்கள் யார், மைக் உண்டா என்று எல்லாம் இருக்கட்டும். நகலில் ஸ்டேஷன் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வரக் கூடாது. சீல் போட மறுத்தால் அதே மனுவை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். ரிட் மனு போட அந்தத் தாள்தான் வேண்டும்.

எந்த ஸ்டேஷன் என்பதிலும் தவறு நடக்கும். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை எல்லாம் சென்னைக் கமிஷனரேட். எண்ணூர், மணலி, சாத்தாங்காடு 2022லிருந்து ஆவடிக் கமிஷனரேட்டில் இருக்கின்றன. வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கமிஷனர் அலுவலகத்துக்கு அனுப்பிய மனு ஆவடிக்குப் போய்ச் சேருவதற்குள் தேதி தாண்டிவிடும்.

மைக் விஷயம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். ஸ்டான்லியும் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையும் இருக்கிற பகுதியில் இதை மறந்துவிட்டு இடம் குறித்தால் அனுமதி கிடைக்காது. கிடைத்தாலும் நோயாளிகளுக்குத் தொந்தரவு கொடுத்துக்கொண்டு மனிதாபிமானம் பேசுவது சரியாகாது. தெருமுனைக்கு இரண்டு பாக்ஸ் ஸ்பீக்கர் போதும், குழாய் ஸ்பீக்கர் வேண்டாம். கரண்ட்டைப் பக்கத்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போட்டால் மின்திருட்டு வழக்கு வரும். அதன்பிறகு காஸா பேச்சே அடிபட்டுப் போகும்.

எந்த நாளில் நடத்துவது என்பதற்கு மூன்று தேதிகள் தயாராக இருக்கின்றன. மார்ச் 30, நில நாள்: 1976இல் இஸ்ரேலின் வடக்கே உள்ள கலிலேயாவில் நிலப்பறிப்பை எதிர்த்த ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்ட நாள். இங்கே அது பொதுத்தேர்வுக் காலம், அதனால் மைக் இல்லாமல் நோட்டீஸ் விநியோகத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நவம்பர் 29, ஐ.நா. அறிவித்த பாலஸ்தீன ஆதரவு நாள்: வடகிழக்குப் பருவமழையின் நட்டநடுக் காலம். பட்டாளம், புளியந்தோப்புப் பகுதிகள் தண்ணீரில் நிற்கும்போது தெருக்கூட்டம் போட முடியாது. அதற்கு மட்டும் சின்ன மண்டபம் பிடித்துவிடுங்கள். மே 15, நக்பா நாள். 1948இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடும் ஊரும் இழந்து துரத்தப்பட்டதை நினைவுகூரும் நாள். நமக்கு மிகவும் பொருத்தமானது இதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஆட்கள் கரையில் வலை பின்னிக்கொண்டு இருப்பார்கள். காசிமேட்டில் நின்று பேச ஆண்டில் இதைவிட நல்ல சமயம் கிடையாது. மாலை அஸர் தொழுகை முடிந்து, சூரியன் மறைந்ததும் நடக்கும் மஃரிப் தொழுகைக்கு முன்னால் முடித்துவிடுகிற மாதிரி 45 நிமிடம் வையுங்கள். பேச்சாளர்கள் மூன்று பேர், தலைக்குப் பத்து நிமிடம். ஐந்தாவது ஆள் பேசும்போது கூட்டம் கரைந்துவிடும்.

என்ன பேசுவது? வரலாறு முழுவதையும் அல்ல. காசிமேட்டில் காஸா மீனவனைப் பற்றிப் பேசுங்கள். இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் போட்ட ஓஸ்லோ ஒப்பந்தப்படி அவனுக்கு 20 கடல் மைல் வரை உரிமை. நடைமுறையில் அதை இஸ்ரேல் பல காலம் ஆறாகவும் மூன்றாகவும் குறைத்தது, சில சமயம் கடலையே மூடியது. மூன்று கடல் மைல் என்றால் ஐந்தரைக் கிலோமீட்டர். விசைப்படகு வைத்திருப்பவரிடம் இதற்கு மேல் விளக்க வேண்டியதே இல்லை. பரப்பளவைச் சொல்லும்போது ஊர்க் கணக்கில் சொல்லுங்கள்: காஸா 365 சதுர கிலோமீட்டர், நம் மாநகராட்சி 426. அதாவது சென்னையைவிடச் சின்ன இடத்தில் இருபது லட்சத்துக்கு மேல் மக்கள். ‘நமக்கென்ன’ என்று கேட்பவருக்கு நம் நாட்டின் பதிவைச் சொல்லுங்கள்: 1947இல் பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானத்துக்கு எதிராக ஐ.நா.வில் வாக்களித்தது இந்தியா. பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை 1974இலும், பாலஸ்தீன நாட்டை 1988இலும் அங்கீகரித்தது. பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பு சட்டவிரோதம் என்று சர்வதேச நீதிமன்றம் 2024 ஜூலை 19 அன்று கருத்துரைத்த பிறகு, அதை ஒட்டி செப்டம்பரில் வந்த ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. இந்தச் சறுக்கலைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

இறந்தவர் எண்ணிக்கையை நோட்டீஸில் போடும்போது பக்கத்திலேயே தேதியையும், எடுத்த இடத்தையும் போடுங்கள். ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் அவ்வப்போது வெளியிடுவதே போதும். வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களை அச்சிடாதீர்கள். சிரியாவில் எடுத்த ஒரு பழைய படம் போதும், மீதி உண்மை எல்லாவற்றையும் பொய் என்று தள்ளிவிடுவார்கள்.

கோஷம் எழுதும் வேலையைப் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள், அச்சிட்ட தாளில் இருப்பதை மட்டும் முழங்குவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். யூதர்களைத் திட்டுவது, ஹிட்லரைப் புகழ்வது, ஆயுதக் குழுக்களின் படம் தூக்குவது எதற்கும் இடமில்லை. வழக்கு வரும் என்பதற்காக மட்டுமல்ல, அது தப்பு என்பதற்காக. மண்ணடிப் பவளக்காரத் தெரு, ஒருகாலத்தில் யூத வணிகர்கள் பவளம் விற்ற தெரு. நம் சண்டை ஆக்கிரமிப்போடு, குண்டோடு.

கொடியைக் கடையில் தேடாமல் நாமே தைத்துவிடலாம். நீளம் 6 அடி, அகலம் 3 அடி. மேலிருந்து கறுப்பு, வெள்ளை, பச்சை ஒவ்வொன்றும் ஒரு அடி. கம்பப் பக்கம் சிவப்பு முக்கோணம், அதன் முனை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 2 அடி உள்ளே வரும். எம்.சி. ரோட்டிலோ கோடவுன் தெருவிலோ 44 அங்குலப் பன்னா (துணி அகலம்) உள்ள பாப்ளின் நான்கு நிறத்திலும் 2 மீட்டர் வாங்கினால் மூன்று கொடி வரும். தையலுக்கு இரு பக்கமும் அரை அங்குலம் விட்டு, பட்டையை 13 அங்குலமாக வெட்டுங்கள். ஒரு பன்னாவில் மூன்று பட்டை கிடைக்கும். சிவப்பில் அடி 37, உயரம் 25 அங்குலம் உள்ள முக்கோணங்களை ஒன்று நேராகவும் அடுத்தது தலைகீழாகவும் அடுக்கினால் 2 மீட்டரில் மூன்று அடங்கும். 36 அங்குலப் பன்னா தலையில் கட்டினார்கள் என்றால் பட்டை இரண்டுதான் வரும், அதனால் கடையிலேயே அளந்து பாருங்கள். சிவப்புத் துணியை முதலில் தனியாக நனைத்து அலசிவிடுங்கள். இல்லையென்றால் முதல் மழையில் வெள்ளைப் பட்டை ரோஸ் நிறமாகிவிடும். வெள்ளை நட்சத்திரம் வைத்தால் அது ஜோர்டான் கொடி. பச்சையை மேலே வைத்துக் கட்டினால் கொடி தலைகீழ். இரண்டும் அடிக்கடி நடக்கிற தப்பு. கம்பத்துக்கு மூங்கிலோ சவுக்கோ வேண்டாம், ஆயுதம் என்று பிடுங்கிக்கொள்வார்கள். முக்கால் அங்குல பி.வி.சி. பைப் போதும்.

நோட்டீஸுக்கு ஏ4 தாளைப் பாதியாக வெட்டிய அளவு. இரண்டாயிரம் நோட்டீஸுக்கு இரண்டு ரீம். காகிதம் ஆண்டர்சன் தெருவில் மொத்த விலைக்குக் கிடைக்கும். ஒரு பக்கம் தமிழ். புளியந்தோப்பு, பெரம்பூர் ஜமாலியா பக்கம் கொடுப்பதானால் மறுபக்கம் உருது. கீழே அச்சகத்தின் பெயரும் வெளியிடுவோர் பெயரும் போனும் இருக்கட்டும். பெயரில்லாத தாளை எவரும் நம்ப மாட்டார்கள், போலீஸும்தான். சுவரில் ஒட்ட வேண்டாம். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழக்குப் போடலாம்.

பணம். உண்டியல் ஏந்தி காஸாவுக்கு என்று வசூலிக்கவே கூடாது. அதை அனுப்ப உங்களுக்குச் சட்டப்படி வழி இருக்காது, கணக்கு கேட்டால் பதில் இருக்காது, விசாரணை எங்கெங்கோ போகும். கொடுக்க விரும்புபவர் ஐ.நா.வின் பாலஸ்தீன அகதிகள் முகமைக்குத் தன் சொந்தக் கார்டில் நேரடியாகக் கொடுக்கட்டும். கூட்டச் செலவுக்கு மட்டும் ரசீது போட்டு வாங்கி, மறுநாளே வரவு செலவைக் குழுவில் போட்டுவிடுங்கள்.

அனுமதி இல்லாமல் நின்றால் பெரும்பாலும் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விடுவார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் மாத்திரையோடு வர வேண்டும். வெளியே நிற்கும் ஒருவரிடம் வந்தவர்கள் பெயர்ப் பட்டியலும் ஒரு வக்கீல் நம்பரும் இருக்க வேண்டும். மறுநாள் பரீட்சையோ, அரசு வேலைக்குக் காத்திருப்பதோ உள்ள பிள்ளைகளை இதில் இழுக்காதீர்கள். அவர்களுக்கு நோட்டீஸ் எழுதும் வேலை கொடுங்கள்.

கடைசியாகத் துறைமுகம். தொழிலாளர்கள் மறுத்தாலும் அது எளிதில் நடப்பதில்லை. கன்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று ஏற்றுபவருக்குத் தெரியாது. கன்டெய்னர் முனையங்கள் தனியார் கையில், காட்டுப்பள்ளி முழுக்கத் தனியார் துறைமுகம், அங்கே சம்மேளனத்துக்குப் பிடி இல்லை. இஸ்ரேலுக்கு ஆயுத ஏற்றுமதியை நிறுத்தக் கோரிய மனுவையும் உச்சநீதிமன்றம் 2024 செப்டம்பரில், வெளியுறவுக் கொள்கையில் தலையிட முடியாது என்று தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே மிஞ்சுவது கேள்வி கேட்பது. சென்னைத் துறைமுக ஆணையத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, ஆன்லைனிலேயே, இன்ன மாதத்திலிருந்து இன்ன மாதம் வரை ஹைஃபா, அஷ்டோத் துறைமுகங்களுக்குப் போன சரக்கில் வெடிபொருள் வகையில் எத்தனை டன் என்று கேளுங்கள். கப்பல் பெயர், கம்பெனி பெயர் கேட்டால் வணிக ரகசியம் என்று அந்தச் சட்டத்தின் பிரிவு 8(1)(d)யைக் காட்டித் தள்ளுவார்கள். மொத்த டன் மட்டும் கேட்டால் மறுப்பது கடினம். பாதுகாப்பு என்று 8(1)(a) வந்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. துறைமுக வாசலில் போட்டோ எடுக்கப் போகாதீர்கள், அது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் காவலில் இருக்கிற இடம். வந்த பதிலை, மறுப்பாகவே இருந்தாலும், கையெழுத்துப் படிவத்தோடு இணைத்து வடசென்னை எம்.பி. அலுவலகத்தில் கொடுத்து நாடாளுமன்றத்தில் எழுத்துபூர்வக் கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள். கூட்டத்தொடர் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். கேள்விக்கு முன்னறிவிப்பு நாள் கணக்கு உண்டு.