தோல் நோய்ப் பெயர்களை நான் படித்து முடித்த விதம்

தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் சேர்ந்தேன். மற்ற பாடங்கள் எப்படியோ ஓடிவிட்டன, தோல் பிரிவு வந்ததும்தான் திணறல். ஆங்கிலம் சரளமாகப் பேசும் தோழிகளுக்கும் அதே திணறல்தான், ஏனென்றால் அந்தப் பெயர்களில் பெரும்பகுதி கிரேக்கம். மனப்பாடத்தை விட்டுவிட்டு, ஒரு நோட்டில் வேர்களை மட்டும் எழுத ஆரம்பித்தேன்.

'டெர்மா' என்றால் தோல், உரிப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. 'ஸ்க்ளீரோஸ்' கடினம், 'லியூகோஸ்' வெள்ளை, அப்புறம் ஸ்க்ளீரோடெர்மாவும் லியூகோடெர்மாவும் தானாகவே புரிந்துவிடும். 'ஸீரோஸ்' உலர்ந்தது. தோல் வறண்டால் ஸீரோசிஸ். ஈர மை இல்லாமல் உலர்தூளில் நகலெடுக்கும் ஜெராக்ஸுக்கும் இதே வேர்தான். நீளமான பெயரைப் பின்னாலிருந்து பிரிக்க வேண்டும்: ஓனிகோமைகோசிஸில் 'ஓசிஸ்' நோய்நிலை, 'மைகோ' பூஞ்சை, 'ஓனிகோ' நகம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஹெர்பிஸ் ஸோஸ்டர், நம் ஊர் அக்கி. 'ஹெர்பிஸ்' ஊர்ந்து போவது, 'ஸோஸ்டர்' இடுப்புக் கச்சை. வார்டில் ஒரு பாட்டிக்கு முதுகில் தொடங்கி ஒரு பக்கமாகவே இடுப்பைச் சுற்றிக் கொப்புளங்கள் வந்து வயிற்றின் நடுக்கோட்டில் நின்றிருந்ததைப் பார்த்தபோது, இந்தப் பெயரை வைத்தவர்கள் நோயாளியை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று வியந்துபோனேன். எக்ஸிமா என்றால் கொதித்துப் பொங்குவது, அலோபீசியா நரிக்குச் சொறி பிடித்து முடி கொட்டுவதிலிருந்து வந்தது.

கவனமாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. 'கெரட்' என்றால் கொம்பு. கெரட்டோசிஸ் தோலில் வரும் தடிப்பு, அதே வேருள்ள கெரட்டைடிஸோ கண்ணின் கருவிழியில் வரும் அழற்சி. வியர்வைக்கான 'ஹிட்ரோ'வும் நீருக்கான 'ஹைட்ரோ'வும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துதான் வித்தியாசம், தேர்வில் இதைக் கவனித்து எழுதுங்கள். விட்டிலைகோ (வெண்புள்ளி), இம்பெட்டைகோ (சீழ்க்கொப்புளம்) எல்லாம் லத்தீன், அவற்றில் கிரேக்கம் தேட வேண்டாம்.

வேரை மட்டும் நம்பி நோயை முடிவுசெய்யவும் முடியாது. 'லெப்ரா' என்று பழைய கிரேக்க மருத்துவர்கள் சொன்னது செதில் உதிரும் தோல் நோய்களை. இன்றைய தொழுநோய்க்கு அவர்கள் வைத்த பெயர் எலிஃபன்டியாசிஸ், அதுவோ இன்று யானைக்காலைக் குறிக்கிறது! லெப்ரசி என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்ட அவமானம் நோயாளிகளை எவ்வளவு காயப்படுத்தும் என்று சொல்லி, வார்டில் எங்களை 'ஹேன்சன் நோய்' என்றுதான் சொல்லப் பழக்கினார்கள், 1873இல் அந்தக் கிருமியைக் கண்டறிந்த நார்வே மருத்துவரின் பெயர் அது.